புரதத்தை மடிப்பது யார்?

வேறோர் உயிரின் புரதத்தை இ.கோலை பாக்டீரியாவுக்குள் தயாரித்து, செல்லை உடைத்து, சுத்தப்படுத்தி, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்த யாருக்கும் அந்த இரண்டு பட்டைகள் பரிச்சயமாக இருக்கும். நாம் எதிர்பார்த்த புரதம் 35 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) இடத்தில் நீலமாக, தடிமனாக நிற்கும். அதற்கு மேலே 70க்குப் பக்கத்தில் ஒன்று, 60க்குச் சற்றுக் கீழே இன்னொன்று. இரண்டும் கூப்பிடாமலேயே கூட வந்தவை. உப்பைக் கூட்டிக் கழுவினாலும் பாதி நேரம் போகாது. ஆனால் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியும் மக்னீசியமும் கலந்த கரைசலில் கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவினால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

ஆய்வகத்தில் இவற்றை அழுக்கு என்றுதான் சொல்வோம். எனக்கென்னவோ, சில சமயம் நாம் கேட்ட புரதத்தைவிட அந்த அழுக்கில்தான் அதிகச் செய்தி இருப்பதாகத் தோன்றும். மேலே நிற்பது டிஎன்ஏகே, கீழே நிற்பது க்ரோஈஎல். இரண்டும் பாக்டீரியாவின் சாப்பரோன்கள், அதாவது மற்றப் புரதங்கள் ஒழுங்காக மடியத் துணை நிற்கும் புரதங்கள். அவை நம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன என்றால், நம் புரதத்தில் ஒரு பகுதி இன்னும் சரியாக மடியவில்லை என்று பொருள். ஏடிபி கொடுத்தால் விட்டுவிடுகின்றன என்பதிலேயே அவற்றின் வேலைமுறை பாதி அடங்கியிருக்கிறது.

பாடப்புத்தகங்கள் ‘புரதம் மடிய உதவுபவை’ என்று ஒரே வரியில் இவற்றைக் கடந்துவிடும். அந்த வரியில் தப்பில்லை. ஆனால் படிப்பவர் மனதில் அது ஒரு தப்பான படத்தை வரைந்துவிடுகிறது: ஏதோ ஓர் அச்சு இருக்கிறது, நீளமான அமினோ அமிலச் சங்கிலியை அதற்குள் போட்டால் உரிய வடிவத்தோடு வெளியே வந்து விழும் என்று. அப்படி எந்த அச்சும் கிடையாது. ஒரு புரதத்தின் சரியான வடிவம் எது என்று சாப்பரோனுக்குத் தெரியவே தெரியாது. எது சரியில்லை என்பது மட்டும்தான் தெரியும். நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைத்தான். மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

வடிவம் சங்கிலிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டியவர் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன். அவர் எடுத்துக்கொண்டது ரைபோநியூக்ளியேஸ் என்ற சிறிய நொதி. மொத்தம் 124 அமினோ அமிலங்கள், அவற்றில் எட்டு சிஸ்டீன்கள். அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு கந்தகப் பிணைப்புகளைப் போடுகின்றன. எட்டுச் சிஸ்டீன்கள் ஜோடி சேர 105 வழிகள் உண்டு. அதில் ஒன்றே ஒன்றுதான் சரி. யூரியாவில் போட்டு வடிவத்தைக் குலைத்து, பிணைப்புகளையும் வெட்டிவிட்டு, அப்புறம் யூரியாவை நீக்கிக் காற்றுப் படவிட்டால், அந்தச் சங்கிலி தானாகவே அந்த ஒரே வழியைக் கண்டுபிடித்து மறுபடியும் வேலை செய்யும் நொதியாகிவிட்டது. வெளியிலிருந்து யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதற்காக 1972இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கம். ஆனால் அதே ஆன்ஃபின்சனை உறுத்திக்கொண்டிருந்த ஒன்று உண்டு: சோதனைக் குழாயில் இது நடக்க மணிக்கணக்கில் ஆகிறது, செல்லுக்குள் அப்படிக் காத்திருக்க முடியாது. ஆகவே அவரும் உடன் பணியாற்றியவர்களும் தேடிப் போய், தப்பான கந்தகப் பிணைப்புகளைப் பிரித்துப் போட்டு வேலையை வேகப்படுத்தும் நொதி ஒன்றை விலங்குச் செல்களில் 1963இலேயே அடையாளம் கண்டுவிட்டார்கள். தானாக மடியும் என்று நிறுவியவரே உதவியாளரையும் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். இரண்டுக்கும் முரண் ஏதுமில்லை. எங்கே போய்ச் சேரவேண்டும் என்பது சங்கிலிக்குத் தெரியும். வழியில் எவ்வளவு நேரம் ஆகும், எங்கே மாட்டிக்கொள்ளும் என்பது வேறு விஷயம்.

பாக்டீரியாவிலும் இந்த வகை நொதிகள் உண்டு. இ.கோலையின் இரண்டு சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளியில் டிஎஸ்பிஏ என்ற நொதி கந்தகப் பிணைப்புகளைப் போடுகிறது, டிஎஸ்பிசி தப்பாகப் போட்டதை மாற்றுகிறது. புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடத்தில் சங்கிலி இப்படியோ அப்படியோ திரும்பி நிற்கலாம். அந்தத் திருப்பத்தைத் துரிதப்படுத்த இன்னொரு நொதிக் குடும்பம் இருக்கிறது. கறாராகச் சொன்னால் மடிப்பு நொதிகள் என்ற பெயர் இவற்றுக்குத்தான் பொருந்தும், ஏனென்றால் இவை ஒரு குறிப்பிட்ட வேதிவினையை வேகப்படுத்துகின்றன. க்ரோஈஎல் போன்றவை உடைப்பது ஏடிபியை மட்டும்தான். தாங்கிப் பிடிக்கும் புரதத்தில் ஒரு பிணைப்பைக்கூட அவை வெட்டுவதும் இல்லை, சேர்ப்பதும் இல்லை.

சரி, தானாக மடியக்கூடியதற்கு எதற்கு இத்தனை காவல்?

செல்லுக்குள் இருக்கும் நெரிசல்தான் காரணம். இ.கோலையின் உட்புறத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 300 முதல் 400 மில்லிகிராம் வரை பெரிய மூலக்கூறுகள் அடைந்து கிடக்கின்றன. ஆன்ஃபின்சனின் சோதனைக் குழாயில் இருந்த நீர்த்த கரைசலோடு இதை ஒப்பிடவே முடியாது. புரதச் சங்கிலியில் நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் ஆங்காங்கே இருக்கும். மடிந்து முடித்த புரதத்தில் அவையெல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். மடிந்துகொண்டிருக்கும்போது வெளியே தெரியும். பக்கத்தில் இதே மாதிரி பாதி மடிந்த இன்னொரு சங்கிலி இருந்தால், இரண்டின் எண்ணெய்ப் பசைப் பகுதிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது வந்து சேரும். நனைந்த நூல்கண்டுகள் போல ஒன்றுக்குள் ஒன்று சிக்கிப்போனால் அப்புறம் பிரிப்பது லேசில்லை.

அதோடு, புரதத்தைக் கோக்கும் ரைபோசோம் சங்கிலியை மொத்தமாக வெளியே தள்ளுவதில்லை. 37 டிகிரியில் ஒரு நொடிக்குச் சுமார் 15 முதல் 20 அமினோ அமிலம் என்ற வேகத்தில் ஒரு முனையிலிருந்து கோத்துக்கொண்டே வருகிறது. 300 அமினோ அமிலம் கொண்ட சராசரிப் புரதம் முழுதாக வெளிவர 15, 20 நொடி ஆகிவிடும். அதுவரை முன்பாதி தன் பின்பாதியைப் பார்க்காமலேயே அந்த நெரிசலில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அங்கே முதலில் வந்து நிற்பது ட்ரிகர் ஃபேக்டர் என்ற சாப்பரோன். ரைபோசோமில் சங்கிலி வெளிவரும் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, வெளியே நீட்டும் தலையைத் தன் வளைவுக்குள் வாங்கிக்கொள்ளும். ஏடிபி எதுவும் செலவில்லை. ஒட்டும், விடும், ஒட்டும். பெரும்பாலான புரதங்களுக்கு இதுவே போதும். இதைத் தாண்டியும் தடுமாறுபவற்றை டிஎன்ஏகே ஏற்றுக்கொள்கிறது.

டிஎன்ஏகே முழுப் புரதத்தையும் பார்ப்பதில்லை. நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் ஐந்தாறு தொடர்ச்சியாக வெளியே தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் பிடிக்கும். அதற்கு ஒரு பள்ளமும் அதன்மேல் ஒரு மூடியும் உண்டு. ஏடிபி ஒட்டியிருக்கும்போது மூடி திறந்திருக்கும், துண்டு வரும், போகும். டிஎன்ஏஜே என்ற கூட்டாளி வந்து ஏடிபியை உடைக்கத் தூண்டியதும் மூடி இறுகிவிடும். அப்புறம் க்ர்ப்ஈ என்ற மூன்றாவது ஆள் உடைந்த ஏடிபியின் மிச்சத்தை வெளியேற்றும். புது ஏடிபி வந்து உட்காரும். மூடி திறந்து துண்டு விடுபடும். ஜெல்லில் பார்த்த 70 கிலோடால்டன் பட்டை ஏடிபிக்கு ஏன் மசிகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். செல்லை உடைத்த பின் ஏடிபி தீர்ந்துபோவதால் மூடிய நிலையிலேயே அது நம் புரதத்தைப் பிடித்தபடி நின்றுவிடுகிறது.

பிடித்து வைப்பதால் என்ன லாபம்? பிடித்திருக்கும் நேரத்தில் அந்தத் துண்டு வேறு யாரோடும் ஒட்டமுடியாது. விட்டதும் மடிந்துகொள்ள ஒரு வாய்ப்பு. மடியாவிட்டால் மறுபடியும் பிடி. ட்ரிகர் ஃபேக்டர், டிஎன்ஏகே இரண்டில் ஒன்றை மட்டும் நீக்கினால் 30 டிகிரி, 37 டிகிரியில் இ.கோலை எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. இரண்டையும் நீக்கினால் 30 டிகிரிக்கு மேல் வளர முடிவதில்லை. 1999இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் இதைத் தனித்தனியாகக் காட்டின. ஒன்று செய்யாததை இன்னொன்று செய்கிறது, பேசி வைத்துக்கொண்டதுபோல.

க்ரோஈஎல் விஷயம் வேறு. அது இல்லாமல் இ.கோலை எந்த வெப்பநிலையிலும் வாழாது.

அதன் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம். 57 கிலோடால்டன் எடையுள்ள ஒரே மாதிரித் துணை அலகுகள் ஏழு சேர்ந்து ஒரு வளையம். அப்படி இரண்டு வளையங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. மொத்தம் 14 அலகுகள், ஏறக்குறைய 800 கிலோடால்டன். இரண்டு பக்கமும் வாய் திறந்த ஒரு பீப்பாய், நடுவில் தடுப்பு. வாயின் விளிம்பைச் சுற்றி நீரை வெறுக்கும் பரப்பு. மடியாத புரதத்தின் எண்ணெய்ப் பசைப் பகுதி அந்த விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது. ஒரே ஓர் அலகோடு அல்ல, ஒரே நேரத்தில் பல அலகுகளோடு.

அடுத்து அந்த வளையத்தில் ஏழு ஏடிபிகள் வந்து ஒட்டுகின்றன, மேலே க்ரோஈஎஸ் என்ற மூடி வந்து உட்காருகிறது. மூடியும் ஏழு அலகுகள் கொண்டதுதான், ஒவ்வொன்றும் 10 கிலோடால்டன். மூடி வந்ததும் விளிம்பின் அலகுகள் ஏழும் மேலே எழும்பி, திருகித் திரும்புகின்றன. உள்ளிடம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அதைவிட முக்கியம், புரதத்தைப் பிடித்திருந்த அந்த நீர்வெறுப்புப் பரப்பு சுவரை விட்டு விலகிப்போய், உட்சுவர் முழுக்க நீரை விரும்பும் பரப்பாகிவிடுகிறது. பிடிமானம் போய்விட, புரதம் உள்ளே கழன்று விழுகிறது. இப்போது அது ஒரு மூடிய அறையில் தனியாக இருக்கிறது. ஒட்டிக்கொள்ள வேறு சங்கிலி இல்லை, சுவரிலும் ஒட்டமுடியாது. ஏழு ஏடிபிகளும் உடைய ஏறக்குறைய பத்து நொடி. அதற்குள் மடிய முடிந்தால் மடியலாம். மறுபக்க வளையத்தில் புது ஏடிபி ஒட்டியதும் இந்தப் பக்கத்து மூடி கழன்று, உள்ளே இருந்தது வெளியே வருகிறது, மடிந்திருந்தாலும் மடியாவிட்டாலும். மடிந்திருந்தால் அதன் எண்ணெய்ப் பசைப் பகுதி உள்ளே ஒளிந்திருக்கும், மறுபடியும் ஒட்டாது. மடியாவிட்டால் வேறொரு வாயில் ஒட்டும்.

தேர்வு என்று ஏதாவது நடக்கிறதென்றால் இவ்வளவுதான். எந்தப் புரதம் உள்ளே வந்தது, அது சர்க்கரையைச் சிதைக்குமா டிஎன்ஏவைத் தொடுமா என்றெல்லாம் க்ரோஈஎல் விசாரிப்பதில்லை.

அறையின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. சுமார் 60 கிலோடால்டன் வரை உள்ள சங்கிலி உள்ளே அடங்கும். இ.கோலையில் புதிதாக உருவாகும் புரதங்களில் ஏறத்தாழ 10 சதவீதம் க்ரோஈஎல் வழியாகப் போவதாக மதிப்பிடுகிறார்கள். சுமார் 250 வகைப் புரதங்கள் அதோடு சேர்ந்து கிடைத்தன. அவற்றிலும் க்ரோஈஎல் இல்லாவிட்டால் மடியவே மடியாது என்ற நிலையில் உள்ளவை சில டஜன்தான். ஆனால் அந்தச் சில டஜனுக்குள் செல் வாழ இன்றியமையாத புரதங்கள் இருப்பதால்தான் க்ரோஈஎல் இல்லாமல் பிழைப்பே இல்லை.

இவ்வளவு பெரிய இயந்திரத்தை முதலில் யாரும் புரத மடிப்புக்காகத் தேடவில்லை. 1970களின் தொடக்கத்தில் லாம்டா என்ற ஃபேஜைப் பற்றி, அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், லாம்டா பெருக முடியாத இ.கோலை திரிபுகளை, அதாவது மரபணு மாறிய வகைகளைச் சேகரித்தார்கள். அவர்களில் கோஸ்டா ஜார்ஜோபௌலோஸ் முக்கியமானவர். ஒரு வகைத் திரிபில் ஃபேஜின் தலைப்பகுதிப் புரதங்கள் உற்பத்தியாகும், ஆனால் தலையாகச் சேராமல் குப்பையாகக் குவிந்துவிடும். கோளாறு வைரஸில் இல்லை, பாக்டீரியாவின் மரபணுவில் இருந்தது. அந்த மரபணுவுக்கு க்ரோஈ என்று பெயர். டிஎன்ஏகேயும் இப்படி லாம்டா வழியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

வைரஸுக்கு இந்த இயந்திரத்தின் அருமை நம்மைவிட முன்பே தெரிந்திருக்கிறது. டி4 என்ற ஃபேஜின் தலைப்புரதம் 56 கிலோடால்டன், கிட்டத்தட்ட அந்த 60 எல்லையை ஒட்டியது; க்ரோஈஎஸ் மூடி போட்ட அறைக்குள் அது வசதியாக அடங்காது. அதனால் டி4 தன் சொந்த மூடியைக் கொண்டுவருகிறது. ஜிபி31 என்ற அந்தப் புரதம் க்ரோஈஎஸ்ஸின் இடத்தில் உட்கார்ந்து அறையின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறது. பீப்பாய் பாக்டீரியாவுடையது, மூடி வைரஸுடையது. சாப்பரோன்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததிலேயே மிகப் பிடித்த செய்தி இது.

மறுபக்கம், பச்சைத் தாவரங்களின் ரூபிஸ்கோ நொதியை ஆராய்ந்த ஜான் எல்லிஸின் குழு, அந்த நொதி முழு உருப்பெறும் முன் அதோடு ஒட்டியிருக்கும் பெரிய புரதம் ஒன்றைப் பசுங்கணிகத்தில் பார்த்திருந்தது. 1988இல் அதன் வரிசையைக் க்ரோஈஎல்லோடு ஒப்பிட்டபோது இரண்டும் நெருங்கிய உறவு என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே ஜார்ஜ் லோரிமர், பியர் கொலூபினோஃப் ஆகியோர் ஒரு பாக்டீரியாவின் ரூபிஸ்கோவைக் குலைத்துவிட்டு, க்ரோஈஎல், க்ரோஈஎஸ், ஏடிபி, மக்னீசியம் இவற்றைச் சேர்த்துச் சோதனைக் குழாயிலேயே உயிர்ப்பித்துக் காட்டினார்கள். ஃபிரான்ஸ் உல்ரிச் ஹார்ட்லும் ஆர்தர் ஹார்விச்சும் ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவில் இதே குடும்பத்துப் புரதம் இல்லாவிட்டால் உள்ளே வரும் புரதங்கள் மடிவதில்லை என்று கண்டதும் அந்தச் சமயத்தில்தான். தன்னால் மடியும் என்ற ஆன்ஃபின்சன் விதி செல்லுக்குள் இப்படியொரு பின்குறிப்போடுதான் செல்லும் என்பது அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகமாக இல்லை.

வெப்பத்துக்கு வருவோம். வெப்பநிலை ஏறினால் ஏற்கெனவே மடிந்திருந்த புரதங்களும் தளர்கின்றன. 1962இல் ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈயின் குரோமோசோமில், வெப்பம் பட்டதும் சில இடங்கள் உப்புவதைக் கண்டார். யாரோ அடைகாப்புப் பெட்டியின் வெப்பத்தைக் கூட்டிவைத்ததால் கிடைத்த காட்சி அது. முதலில் அனுப்பிய இதழ் அந்தக் கட்டுரையை ஏற்கவில்லை. அப்படித் தூண்டப்படும் மரபணுக்களில் பல சாப்பரோன்களுக்கானவை என்று பின்னால் தெரிந்தது. பாக்டீரியாவிலும் அதே கதைதான், ஆனால் அங்கே அந்த ஏற்பாடு இன்னும் கச்சிதம்.

இ.கோலையில் இதற்குப் பொறுப்பு சிக்மா 32 என்ற புரதம். சாப்பரோன் மரபணுக்களை இயக்கிவைப்பது அதுதான். சாதாரண நாளில் டிஎன்ஏகேயும் க்ரோஈஎல்லும் சிக்மா 32ஐயே பிடித்து வைத்துக்கொள்கின்றன, சவ்வில் இருக்கும் எஃப்டிஎஸ்ஹெச் என்ற நொதி அதை வெட்டிப் போடுகிறது. 30 டிகிரியில் அதன் அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். திடீரென்று 42 டிகிரி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். செல் முழுக்கப் புரதங்கள் தளர, சாப்பரோன்கள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடிவிடுகின்றன. சிக்மா 32ஐப் பிடித்து வைக்க ஆளில்லை. அது பிழைத்து, சாப்பரோன் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. சில நிமிடங்களில் சாப்பரோன்கள் பெருகுகின்றன. தளர்ந்தவையெல்லாம் கவனிக்கப்பட்டபின் கைசும்மா இருக்கும் சாப்பரோன்கள் திரும்ப வந்து சிக்மா 32ஐப் பிடித்துக்கொள்ள, எல்லாம் அடங்கிவிடுகிறது. இந்தச் சுழற்சியில் வெப்பத்தை அளக்கும் உறுப்பு என்று தனியாக ஏதுமில்லை. எத்தனை சாப்பரோன் கையில் வேலையில்லாமல் இருக்கிறது என்பதுதான் அளவுகோல். இதற்கு வெளியே வெப்பத்தை நேராக உணரும் ஏற்பாடு ஒன்றும் உண்டு: சிக்மா 32க்கான ஆர்என்ஏவே தன்மேல் மடிந்து ரைபோசோம் உட்காரும் இடத்தை மறைத்துக்கொண்டிருக்கும்; சூடு ஏறினால் அந்த மடிப்பு அவிழ்ந்து மொழிபெயர்ப்பு கூடுகிறது.

இத்தனைக்கும் பிறகும் சிக்கிக் கட்டியாகிவிட்ட புரதங்களை என்ன செய்வது? வெகுகாலம், அவை போனது போனதுதான் என்று நினைத்திருந்தார்கள். 1999 வாக்கில் க்ளிப்பி என்ற வளையப் புரதம் டிஎன்ஏகேயோடு சேர்ந்து கட்டியை அவிழ்க்கிறது என்று பல குழுக்கள் காட்டின. ஆறு அலகு வளையம். நடுவில் குறுகிய துளை. கட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையை அந்தத் துளைக்குள் கோத்து ஏடிபியைச் செலவழித்து இழுக்கிறது. இழுபட்டு மறுபக்கம் வரும் சங்கிலிக்கு முதலிலிருந்து மடிந்துகொள்ள இன்னொரு வாய்ப்பு. இங்கேயும் சரியான வடிவத்தை யாரும் கொடுக்கவில்லை, தப்பான வடிவத்தைக் கலைத்தார்கள், அவ்வளவுதான்.

ஏடிபியே இல்லாத இடத்தில் இன்னொரு தந்திரம். இ.கோலையின் இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளியில் ஏடிபி கிடையாது. பாக்டீரியா இரைப்பை வழியாகக் குடலுக்குப் போகும்போது அமிலம் முதலில் தாக்குவதும் அந்த வெளியைத்தான். அங்கே ஹெச்டிஇஏ என்ற சிறு புரதம் சாதாரண நேரத்தில் ஜோடி ஜோடியாகச் சும்மா கிடக்கும். அமிலம் ஏறியதும் ஜோடி பிரிந்து, தன் வடிவத்தையே பாதி குலைத்துக்கொள்ளும். அப்படிக் குலைந்ததால் வெளிப்படும் எண்ணெய்ப் பசைப் பகுதியைக் கொண்டு மற்றப் புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். அமிலம் தணிந்ததும் மெதுவாக விடும். எல்லாம் குலையும் நேரத்தில் தானும் குலைந்துதான் வேலைக்கு வருகிறது.

ஆய்வகத்துக்குத் திரும்பினால், நம் அன்றாடத் தொல்லைகளில் பாதி இந்தக் கணக்கு தப்புவதால்தான். இ.கோலைக்குள் மனித மரபணுவைப் போட்டு முழுவேகத்தில் முடுக்கிவிட்டால், சாப்பரோன்களால் ஈடுகொடுக்க முடியாமல் புரதம் மணிமணியாகத் திரண்டுவிடும். இன்சுலின் புரதத்தை இப்படி உற்பத்தி செய்த பாக்டீரியாவில் அந்தத் திரள்கள் நுண்ணோக்கியில் தெரிந்ததை 1982இல் வெளியிட்டார்கள். செல்லை உடைத்து மையவிலக்கியில் சுற்றினால் எல்லாம் அடியில் வெள்ளையாகப் படியும், மேலே தெளிந்த நீர். ஜெல்லில் வண்டல் பக்கம் கொழுத்த பட்டை, தெளிநீர்ப் பக்கம் வெறுமை. இந்தப் படத்தைப் பார்த்ததும் வழக்கமாகச் சொல்லும் யோசனை, 18 டிகிரிக்குக் குளிரவைத்து இரவு முழுக்க வளர்ப்பது. உற்பத்தி மந்தமாகும், நெரிசல் குறையும். அதுவும் பலிக்காவிட்டால் க்ரோஈஎல், க்ரோஈஎஸ் மரபணுக்களைக் கூடுதலாக உள்ளே கொடுத்துப் பார்ப்பது. இரண்டாவது யோசனையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. 60 கிலோடால்டனுக்கு மேற்பட்ட புரதத்துக்கு அந்த அறையில் இடமில்லை. கந்தகப் பிணைப்பு வேண்டிய புரதத்துக்கோ அறை இருந்து பயனில்லை. எந்தப் படியில் மாட்டிக்கொள்கிறது என்று தெரியாமல் சாப்பரோனைக் கூட்டுவது பெரும்பாலும் ஜெல்லில் 60க்குக் கீழே இன்னும் தடித்த பட்டையைத்தான் தரும்.

உரிய துணை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ரூபிஸ்கோவே சாட்சி. தாவர ரூபிஸ்கோவை இ.கோலையில் உருவாக்கப் பல ஆண்டுகள் முயன்றும் கைகூடவில்லை. இ.கோலையின் சொந்த க்ரோஈஎல் இருந்தும்கூட. 2017இல் மனாஜித் ஹேயர்-ஹார்ட்லின் குழு பசுங்கணிகத்தின் சாப்பரோனின்களோடு (க்ரோஈஎல் குடும்பத்துச் சாப்பரோன்களோடு) மேலும் சில துணைக் காரணிகளையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் அது வெற்றிபெற்றது. அந்த நொதிக்கு மடிந்தால் மட்டும் போதாது, எட்டுப் பெரிய அலகும் எட்டுச் சிறிய அலகும் கூடிச் சேரவேண்டும். அதற்குத் தனித்தனி ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

இனி அந்தப் பழைய சண்டை. க்ரோஈஎல் அறை வெறும் தனிமைதானா, அல்லது மடிப்பை உண்மையிலேயே வேகப்படுத்துகிறதா? 2011இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹார்ட்லும் ஹார்விச்சும் இதில் எதிரெதிர் அணி. திரிபு செய்த ஒரே மால்டோஸ்-ஒட்டுப் புரதத்தை வைத்தே ஹார்விச்சின் குழு, வெளியில் கட்டியாகாமல் பார்த்துக்கொண்டால் உள்ளேயும் வெளியேயும் ஒரே வேகம்தான் என்றது. ஹார்ட்லின் குழு, குறுகிய அறையில் அடைபடுவதே வேகத்தைக் கூட்டுகிறது என்றது. லோரிமரும் தேவராஜன் திருமலையும் மூன்றாவதாக ஒன்று சொன்னார்கள்: முக்கியம் அறையே இல்லை, தப்பாக மடிந்ததை ஒவ்வொரு சுற்றிலும் இழுத்துக் குலைத்து மறுபடி முயலவிடுவதுதான் என்று.

நான் நெடுநாள் ‘வெறும் தனிமை’ பக்கம்தான். க்ரோஈஎல்லுக்கு வடிவம் தெரியாது என்ற என் கட்சிக்கு அதுதான் பொருத்தம். ஆனால் க்ரோஈஎல்லையே கட்டாயமாகச் சார்ந்திருக்கும் புரதங்களில் பீப்பாய் வடிவ மடிப்பு கொண்டவை அதிகம். அவற்றில் ஒன்றான டாப்ஏ என்ற நொதி, கட்டியாகாத நிலையிலும் அறைக்குள் பல மடங்கு வேகமாக மடிவதாக 2014இல் வெளியான முடிவு என்னைக் கொஞ்சம் நகர்த்திவிட்டது. வடிவம் தெரியாமலேயே வேகத்தைக் கூட்ட முடியும். சங்கிலி அலைந்து திரியும் இடத்தைக் குறைத்தாலே போதும். ஒரே பதில் எல்லாப் புரதத்துக்கும் பொருந்தவேண்டும் என்ற அவசியமும் இல்லை.

சாப்பரோன்கள் உயிரின் பரிணாமத்தையும் தொடுகின்றன. க்ரோஈஎல் அதிகம் இருந்தால், மடிப்பைத் தளர்த்தும் திரிபுகளைக்கூட ஒரு நொதி தாங்கிக்கொள்ளும். அப்படித் தாங்கியவற்றில் சில புதிய வேலைக்குத் திரும்பும். நோபுஹிகோ டொகுரிகியும் டான் தவ்ஃபிக்கும் 2009இல் இ.கோலையில் இதைச் செய்துகாட்டினார்கள். அசுவினிப் பூச்சிகளின் உடலுக்குள் வாழும் பக்னெரா என்ற பாக்டீரியா, தலைமுறை தலைமுறையாகத் தீங்கான திரிபுகளைச் சேர்த்துக்கொண்டே போகிறது. அது க்ரோஈஎல்லை ஏராளமாக உற்பத்தி செய்வது அந்தச் சுமையைத் தாங்கத்தான் என்பது பலரின் கருத்து.

இந்தப் பக்கம் யூரியாபிளாஸ்மா. மரபணுத் தொகுதியைச் சுருக்கிச் சுருக்கி, க்ரோஈஎல்லையே கைகழுவிவிட்ட பாக்டீரியா இனங்களில் ஒன்று. இ.கோலையில் க்ரோஈஎல் இல்லாமல் மடியவே மடியாத மெட்கே என்ற நொதி அதனிடமும் இருக்கிறது, அங்கே தானாகவே மடிகிறது. இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் உறவுக்கார நொதிகள். யூரியாபிளாஸ்மாவின் மெட்கேயில் அமினோ அமிலங்களை மாற்றி, அதையும் க்ரோஈஎல் இல்லாமல் மடிய முடியாததாக ஆக்கிக் காட்டியிருக்கிறார்கள். ஆக, சாப்பரோன் தேவைப்படுவது அந்த வடிவத்தின் விதி அல்ல. துணை கையருகே இருப்பதால் இ.கோலையின் நொதி அந்தச் சலுகையில் வாழப் பழகியிருக்கிறது. அப்படிப் பழகாத நொதி எதை இழந்தது, வேகத்தையா, நுணுக்கத்தையா, அல்லது எதையுமே இழக்கவில்லையா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து அளப்பதுதான் இப்போது எனக்குச் சுவாரசியமாகத் தெரியும் வேலை.